இரண்டு மருந்துகளுக்கும் கட்டுப்படாத வலிப்பு

மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தும் குழந்தையின் வலிப்பு நிற்கவில்லை என்றால், பெரும்பாலான குடும்பங்கள் அடுத்த மாத்திரையையே நம்பியிருக்கின்றன. அரூரிலிருந்து தருமபுரிக்கும் சேலத்துக்கும் பேருந்தேறிச் சென்று, புதிய மருந்துச் சீட்டுடன் திரும்புகின்றன. ஆண்டுகள் இவ்வாறே கழிகின்றன. இரண்டாவது மருந்தும் பலனளிக்காதபோதே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவ்வலிப்பு மூளையின் எந்த இடத்திலிருந்து, எதனால் எழுகிறது?

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் முறையாக உட்கொண்டும் வலிப்பு நிற்காவிட்டால், அதனை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய் என்பர். நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்நிலையில் உள்ளார். கிளாஸ்கோ நகரில் 470 புதிய நோயாளிகளைக் கவனித்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முதல் மருந்திலேயே 47 விழுக்காட்டினருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தால் நின்றவர்கள் 14 விழுக்காட்டினரே.

ஆயினும், மருந்து தோற்றது என்று முடிவு கட்டுமுன், அது ஒழுங்காக உட்கொள்ளப்பட்டதா என்பதை உறுதி செய்ய வேண்டும். பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குச் சென்றிருக்க, பாட்டியிடம் வளரும் குழந்தைக்குச் சில வேளைகள் தவறியிருக்கலாம். அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டியதில்லை.

கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் உட்பகுதியில் தோன்றி, மேற்பரப்பை நோக்கி நகர்ந்து, அடுக்கடுக்காக அமர்கின்றன. வரிசை பிடித்து நட்ட வயலில் ஒரு மூலையில் மட்டும் நாற்றுகள் தாறுமாறாக ஊன்றப்பட்டதுபோல், சிலருக்கு ஒரு பகுதியின் அடுக்கு குலைந்துவிடுகிறது. அங்கிருந்தே முறையற்ற மின்துடிப்புகள் எழுகின்றன. 1971இல் டெய்லர் முதலிய ஆய்வாளர்கள் விவரித்த இக்குறைபாடு, குழந்தைகளின் அடங்காத வலிப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் நேர்ந்தது என்று பழி சுமத்துவோர் இன்னும் இருக்கின்றனர். அது பொய், கொடுமையும் கூட.

சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எழுதப்பட்டிருப்பதால் மூளையில் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. சிறிய குலைவுகள் அதில் புலப்படுவதில்லை. வலிப்பு நோய்க்கென மெல்லிய அடுக்குகளாக எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. வேண்டும்; அதை அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டும். பிறகு, வலிப்பு வரும்போதே மூளை மின்னலைகளையும் உடலசைவையும் ஒருங்கே பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. தேவைப்படும்.

குலைந்த பகுதி ஓரிடத்தில் அடங்கியிருந்து, பேச்சையோ கைகால் இயக்கத்தையோ பெரிதும் பாதிக்காமல் அகற்ற இயலுமாயின், அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். இது நமக்குத் தொலைவான செய்தியன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் வலிப்பு அறுவை சிகிச்சை தொடர்ந்து நடைபெறுகிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 116 சிறாரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் அறுவை சிகிச்சை பெற்றோரில் 77 விழுக்காட்டினர் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் பெற்றோரில் 7 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். அறுவை சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி உட்படக் கடும் பக்கவிளைவுகள் ஏற்பட்டன என்பதையும் குடும்பத்தார் அறிந்தே முடிவெடுக்க வேண்டும். தகுதி உண்டா என ஆராய்வதற்கே தயங்கிக் காலம் கடத்துவதுதான் எமக்குக் கவலை தருகிறது. வளரும் மூளை ஒவ்வொரு வலிப்புக்கும் விலை கொடுக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு இடமில்லாதவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவுமுறை போன்ற வழிகள் உள்ளன. சோறும் களியும் உண்ணும் வீட்டில் அது எளிதன்று. மருத்துவர், உணவியல் நிபுணர் மேற்பார்வையின்றித் தொடங்கவே கூடாது.

அடுத்த முறை வரும்போது வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் எடுத்த காட்சிப் பதிவு, நீண்ட விளக்கத்தைவிடப் பயன்படும். பழைய ஸ்கேன் படங்களை எறிந்துவிடாதீர்கள். குழந்தையைக் கைப்பிடிச் சுவரற்ற கிணற்றருகிலும் விறகடுப்பருகிலும் தனியே விடாதீர்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். 5 நிமிடங்களைக் கடந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.