நீச்சல் குளக்கரையில் அரளி வேண்டாம்

பண்ணை வீட்டில் நீச்சல் குளம் கட்டியவர்கள், வறட்சி தாங்கும், பராமரிப்பு குறைவு என்று கரையோரம் அரளி நடுகின்றனர். அதன் இலை, பூ, தண்டு அனைத்தும் விஷம். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு ஆகாது. ஏற்கனவே இருந்தால் கையுறை அணிந்து அகற்றுங்கள். எரிக்க வேண்டாம், புகையும் நச்சு. காகிதப்பூவில் முள் உண்டு. உதிரும் பூக்கள் வடிகட்டியை அடைக்கும்.

குட்டை ரக இட்லிப்பூ, அரிகா பாம் நடலாம். இரண்டிலும் முள், விஷம் இல்லை. குளோரின் நீர் தெறிக்காதபடி கரையிலிருந்து 4 அடி தள்ளி நட்டு, சொட்டுநீர் அமையுங்கள். பாத்தி குளத்துக்கு எதிர்ப்புறம் சரிந்திருக்கட்டும். உரம் கரைந்த நீர் குளத்தில் இறங்கினால் பாசி பிடிக்கும். இட்லிப்பூவை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்தால் போதும்.