நாலில் ரெண்டு பேருக்குக் காய்ச்சல்!

டாஷ்போர்டில் இருக்கிறதே டெம்பரேச்சர் முள், அது ஆபீஸ் மேனேஜர் மாதிரி. மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்த ஸீட்டில் ஃபைல் தேங்குகிறது என்று சொல்லாது!

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில், என் மாமாவிடம் இருப்பது பழைய 1489 சி.சி. ரகம். வண்டி இழுக்கவில்லை. ‘‘என்ஜினை இறக்கிடலாம் சார்’’ என்றார் மெக்கானிக். மாமா கைவிரல் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டார்.

‘‘இருங்க மாமா, செலவுக்கு முன்னாடி ஆடிட்!’’ என்றேன். (பி.காம். புத்தி!)

இந்த என்ஜினில் சிலிண்டர் நாலு. புகை வாசல் மூணுதான். 2-க்கும் 3-க்கும் நடுவாசல் பொது. ஆகவே, ஓரத்து வாசல்கள் இரண்டிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினேன். 1-ஐ விட 4-ல் சூடு அதிகம்.

அடுத்து, ப்ளக். காபி நிறம் என்றால் நலம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் ரிங்கைச் சந்தேகப்படலாம். வெள்ளை என்றால் காற்று அதிகம். இங்கே 1, 2 காபி. 3, 4 வெள்ளை வெளேர்!

பெட்ரோல் கலவை நுழையும் வாசல் இரண்டே. 3-ம் 4-ம் ஒரே வாசல் பங்காளிகள். என்ஜின் ஓடும்போது அந்த மேனிஃபோல்ட் ஜாயின்ட்டில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டேன். சத்தம் சட்டென்று மாறியது. பழைய கேஸ்கட் வழியே காற்றுத் திருட்டு!

கேஸ்கட்டை மாற்றினோம், இழுவை திரும்பியது. விட்டிருந்தால் வால்வு கருகும், பிஸ்டனே உருகும்.

யாராவது ‘‘என்ஜினை இறக்கணும்’’ என்றால், முதலில் நாலு ப்ளக்கையும் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ப்ளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது!