கிளாக்கோமா இருக்கிறதா? ஒரு கண் திடீரென மங்கினால் காத்திருக்காதீர்கள்!

இரவு நன்றாகத் தெரிந்த கண், காலையில் எழுந்ததும் புகை படிந்த கண்ணாடிபோல மங்கியிருக்கும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. 'கிளாக்கோமாதான் கொஞ்சம் கூடிவிட்டது' என்று நினைத்து, வழக்கமான சொட்டு மருந்தோடு நாள்களைக் கடத்துபவர்கள் உண்டு. தவறு நடப்பது இங்கேதான். கிளாக்கோமாவில் பெரும்பாலும் பார்வை ஓரத்திலிருந்து மெள்ள மெள்ளத்தான் குறையும். ஒரே இரவில் மங்கினால், விழித்திரையின் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம்.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் மையச் சிரை, பார்வை நரம்போடு சேர்ந்து சல்லடை போன்ற ஒரு திசுவைக் கடந்துதான் வெளியேறுகிறது. கண் அழுத்தம் கூடும்போது (10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு) அந்தத் திசு பின்னோக்கி வளைய, சிரை நெரிபடுகிறது. ரத்தம் தேங்கிக் கசிந்து, விழித்திரை வீங்குகிறது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வீக்கம் வடிய, கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவார்கள். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால், மரத்துப்போகச் செய்த பிறகே போடுவார்கள். ஸ்டீராய்டு ஊசி என்றால், கிளாக்கோமா இருப்பதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும்.

அடைப்பு கடுமையாக இருந்தால், அடுத்த சில மாதங்களில் பலவீனமான புது ரத்தக்குழாய்கள் முளைத்து, வேறொரு வகை கிளாக்கோமாவைக் கொண்டுவரலாம். '100 நாள் கிளாக்கோமா' என்றே இதற்குப் பழைய பெயர் உண்டு. பார்வை தெளிந்த பிறகும் டாக்டர்கள் திரும்பத் திரும்ப வரச் சொல்வது இதற்காகத்தான். அடைத்தது சிரையல்ல, தமனி என்றால் கணக்கு மாதத்தில் இல்லை, மணியில். பக்கவாதத்துக்கு ஓடுவதுபோலவே உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும்.