டயருக்கு வயது எப்படித் தெரியும்?

டயர் வாங்கும்போது விலையையும் பட்டனின் ஆழத்தையும் பார்க்கும் நாம், தயாரித்த தேதியைக் கேட்பதில்லை. அது டயரிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் இறுதி. மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். சில டயர்களில் தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளியே காணோமென்றால் உட்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

“பட்டன் புதிதாக இருக்கிறதே, தேதி எதற்கு?” என்று கேட்பார்கள். தேய்மானம் வேறு, முதுமை வேறு. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகப் பிணைப்புகள் கோத்திருக்கின்றன. ஆக்சிஜன் ஊடுருவி அந்த அமைப்பை மாற்ற, ரப்பர் இறுகி நெகிழ்வை இழக்கிறது. ஓசோன் மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பம் கூடினால் இந்த வேதிவினை வேகமெடுக்கும். உள்ளிருக்கும் எஃகுப் பட்டைகளைப் பற்றிய ரப்பர் பலமிழந்தால், அதிவேகத்தில் பட்டன் பகுதி மொத்தமாக உரிந்து வரலாம். ஓடாமலே கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கதிதான். உள்ளே அடைத்த காற்றின் அழுத்தமே ஆக்சிஜனை ரப்பருக்குள் தள்ளுகிறது. அப்படியானால் கடையில் சில மாதம் இருந்த டயர் கெட்டதா? இல்லை. காற்றடைக்காமல், வெயில் படாத கிடங்கில் வைத்தால் முதுமை மெதுவாகவே வரும். பல கார் நிறுவனங்கள் 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனமான மிஷலின் 10 ஆண்டுகளை உச்சவரம்பாக வைக்கிறது. அடுத்த முறை காற்றடிக்கும்போது, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களின் தேதியையும் பார்த்துவிடுங்கள்.