மரச்சொப்புக்கு நிறம் ஏறும் விதம்

ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் விற்கும் மரச்சொப்புகளில் அம்மி, உரல், திருகையோடு கட்டில், நாற்காலி, ஊஞ்சல், தொட்டில் என்று ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் விரலளவில் கிடைக்கின்றன. குழந்தைகளின் விளையாட்டுக்கும் நவராத்திரிக் கொலுவுக்கும் இவை வேண்டும். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுவதும் இத்தகைய சிறு தொட்டில்தான். திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் இந்தக் கடைசல் வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். இவ்வளவு சிறிய பொருளின் ஆயுளை அதன் மேலுள்ள மெல்லிய பூச்சே பெரிதும் தீர்மானிக்கிறது.

மரமும் ஈரமும்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், கன அளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு 12 மடங்காகிறது. எனவே சொப்புக் கட்டில் பெரிய கட்டிலைவிட மிக விரைவாக ஈரத்தை வாங்குகிறது, விரைவாகவே இழக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு ஸ்ரீரங்கம். சித்திரை, வைகாசியில் கடும் வெயில், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டுக்கும் இடையே பூச்சில்லாத மரம் உப்பியும் சுருங்கியும் இணைப்புகளில் விட்டுப்போகும். கடைவதற்கு முன்பே மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

மரத்தின் இழையமைப்பும் முக்கியம். தேக்கின் நுண்குழல்கள் சுமார் 0.3 மில்லிமீட்டர் அகலம் வரை இருக்கும். பெரிய மேசையில் அது அழகான ரேகை. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நாற்காலிக் காலிலோ பத்தில் ஒரு பங்கை விழுங்கும் பள்ளம். கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் பொம்மைக் கலைஞர்கள் வெப்பாலை மரத்தை நாடுவதற்கு இதுவே காரணம். அது வெளிர்நிறமும் நெருங்கிய இழையும் கொண்டது; கடைய மிருதுவானது; எந்த நிறத்தையும் தெளிவாகக் காட்டும்.

அரக்கு ஏற்றுதல்

பலாசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் மிகச் சிறிய அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. கிளையோடு ஒட்டியெடுப்பது கொம்பரக்கு. அதைக் கழுவி, உருக்கி, தகடாக இழுத்து உடைத்தால் அவலரக்கு. இந்தியாவில் அரக்கு உற்பத்தியில் ஜார்க்கண்ட் முன்னணி மாநிலம். ராஞ்சி அருகே நாம்கும்மில் 1924இல் இதற்கென ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பழைய கிராமபோன் தட்டுகளும் இதே பிசினால் ஆனவை. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகவும் இது பயன்படுகிறது.

உருக்கிய அரக்கில் நிறப்பொடியைப் பிசைந்து குச்சிகளாக உருட்டிக்கொள்கிறார்கள். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மீது அந்தக் குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தைப் பற்றிக்கொள்கிறது. அரக்கு இளகுவதற்குச் சுமார் 70, 80 டிகிரி செல்சியஸ் போதும். பிறகு காய்ந்த தாழை ஓலையை வைத்து அழுத்தும்போது நிறம் சீராகப் பரவிப் பளபளக்கிறது. கரைப்பானும் வேண்டாம், காயவைக்கும் நேரமும் வேண்டாம். ஆனால் இந்த முறை உருண்ட வடிவங்களுக்கே பொருந்தும். ஊஞ்சலின் கால்களுக்கு அரக்கேற்றலாம், பலகைக்கு முடியாது.

சாயமும் பாலிஷும்

தட்டையான பகுதிகளுக்குச் சாயமும் ஸ்பிரிட் பாலிஷும் வேண்டும். பலகையின் வெட்டுமுனையில் நுண்குழல்கள் உறிஞ்சுகுழல்களைப் போலத் திறந்திருப்பதால் அங்கே சாயம் அதிகம் இறங்கிக் கறுக்கும். அந்த முனையை இன்னும் நைசான உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த அரக்குக் கரைசலை ஒருமுறை பூசிவிட்டால் நிறம் சமன்படும். தண்ணீரில் கரைத்த சாயம் பட்டால் மரநார்கள் சிலிர்த்து எழும். அதனால் முதலில் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டுத் தேய்த்த பிறகே சாயம் ஏற்ற வேண்டும். பசை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. ஆகவே சிறு சாமான்களில் சாயம் முதலில், ஒட்டுவது பின்னர்.

கடுக்காய் ஊறிய நீரைப் பூசி, அதன்மேல் இரும்பு ஊறிய காடியைத் தடவினால், கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து நிலையான கறுப்பைத் தரும். மஞ்சள் கிழங்கின் சாயம் பளிச்சென்று இருந்தாலும் வெயிலில் வெளுத்துவிடும். கொலு முடிந்ததும் பெட்டிக்குள் போகும் பொருளுக்கு அது ஏற்றது. சன்னலோரத்தில் வைப்பதற்கு அல்ல.

பாலிஷுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 100 முதல் 120 கிராம் அவலரக்கு போதும். அதற்கு மேல் கெட்டியானால் நுண்ணிய செதுக்கல்கள் அடைந்துபோகும். மெல்லிய பூச்சுகள் பலவாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்ததாக இட வேண்டும். மழைநாளில் பூசக்கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்படலமாக நிற்கும். கரைத்து வெகுநாள் வைத்த பாலிஷ் சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். வேண்டியபோது வேண்டிய அளவே கரைப்பது நல்லது.

நிறமும் நலமும்

சொப்பு குழந்தையின் வாய்க்குப் போகும் பொருள். பளீரென்ற மஞ்சள், சிவப்பு பெயிண்டுகளில் ஒரு காலத்தில் ஈயச் சேர்மங்கள் தாராளமாகக் கலந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. 2021 முதல் பொம்மைகளுக்குத் தரமுத்திரையும் கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு கைவினைஞர்களைக் காப்பதற்கானது; அதற்கேற்பச் செய்பவரின் பொறுப்பும் கூடுகிறது.

தாவரச் சாயங்களை அரக்கோடு சேர்த்து ஏட்டிகொப்பாகா பாதுகாப்பான நிறங்களுக்கு வழிகாட்டியது. அவ்வூர்ப் பொம்மைகள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன. இந்தச் சாய முறையை வளர்த்த சி.வி. ராஜுவுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பூச்சு எதுவென்று ஓரளவு சோதித்தும் அறியலாம்: ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்தால் அரக்குப் பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டும். நன்கு காய்ந்த எனாமல் பெயிண்ட் எளிதில் இளகாது. ஆனால் அரக்கு என்பதாலேயே அதில் கலந்த நிறப்பொடி தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. எனவே கைக்குழந்தைக்குச் சொப்பு வாங்குவோர் விலையைக் கேட்கும்போதே, பூசியது அரக்கா பெயிண்டா, நிறம் எதிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். விடை கிடைக்காவிட்டால் நிறமே பூசாத வெறும் மரச்சொப்பை வாங்குவது நல்லது.