டீக்கடையில் கிளாஸைக் கேட்டு வாங்குங்கள்

தமிழ்நாட்டில் பேப்பர் கப்பில் டீ, காபி கொடுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பலருக்கு இது இன்னும் தெரியாது. பிளாஸ்டிக் தடை உண்டு என்று தெரிந்தவர்களிலும் பலர், அது பாலிதீன் பைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். 2018 ஜூன் 25 அன்று வெளியான அரசாணை, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பொருட்களைத் தடைசெய்தது. பிளாஸ்டிக் கப், தெர்மாகோல் கப் ஆகியவற்றோடு, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தடிமனைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

கப் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தடையை உறுதிசெய்தது. மேல்முறையீட்டில், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் தடை செல்லும் என்றது. அதே தடைப் பட்டியலில் இருந்த நெய்யப்படாத பைகள் விஷயத்தை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. கப்பைப் பொறுத்தவரை சட்டத்தில் குழப்பம் எதுவும் மிச்சமில்லை.

ஆனால் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் காலடியில் கிடப்பது அந்தக் கப்தான். கடைக்காரரைக் கேட்டால் “பேப்பர்தானே சார், மக்கிடும்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்குச் சொல்லி விற்றிருக்கிறார்கள். வெறும் காகிதத்தில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் ஊறி ஒழுகிவிடும். ஒழுகாமல் இருக்க உள்ளே பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். காலிக் கப் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள். பாலேடு போல அந்தப் படலம் தனியே உரிந்து வரும்.

அந்தப் படலம் சூட்டில் சும்மா இருப்பதில்லை. 2020இல் ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரைப் பேப்பர் கப்பில் ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். 15 நிமிடத்தில், 100 மில்லி நீரில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலந்திருந்தன. நாளைக்கு மூன்று டீ குடிப்பவருக்கு அது 75,000 ஆகிறது. நம்மூரில் மூன்று டீ என்பது பெரிய கணக்கே இல்லை. மனித ரத்தத்தில் பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதை 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். அவை உடலுக்குள் என்னென்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு வரும்வரை குடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

குடித்து முடித்த கப்பைக் காயலான் கடையில்கூட எடுக்கமாட்டார்கள். காகிதத்தையும் படலத்தையும் பிரிக்கத் தனி இயந்திரம் வேண்டும். டீக்கறை படிந்த கப்பைத் தேடிப்பிடித்து அந்த இயந்திரம் இருக்கும் இடத்துக்கு அனுப்ப யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் அது சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைமேடுகளுக்குப் போகிறது, அல்லது தெருமுனையில் மற்ற குப்பையோடு எரிகிறது. மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட, எறிந்த கப்பில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரே போதும். “மக்கும் கப்” என்று விற்கப்படுபவற்றையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சோள மாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ பூச்சு, 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்கும் உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். சாக்கடை ஓரத்தில் அந்தச் சூடு ஏது?

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொரோனா வந்தபோது வாடிக்கையாளர்களே கிளாஸ் வேண்டாம் என்றார்கள். கழுவ ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்க முக்கியெடுத்த கிளாஸைப் பார்த்து முகம் சுளிப்பவர்களையும் குறை சொல்லமுடியாது. ஆனால் அழுக்குக் கிளாஸுக்கு மாற்று, வெந்நீரில் கழுவிய கிளாஸ்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன்படி, சின்ன டீக்கடையும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஆகவே சுத்தமான கிளாஸைக் கேட்பது உங்கள் உரிமை. “அண்ணே, கிளாஸ்ல குடுங்க, சுடுதண்ணி ஊத்திக் கழுவிக் குடுங்க” என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் மறுக்கமாட்டார்கள். நாலு பேர் தினமும் கேட்டால் கடையில் கிளாஸ் தானாகவே வந்து நிற்கும்.

கிளாஸ் சுத்தமாக இல்லையென்றால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்யலாம். தடைசெய்த கப்பைப் பற்றி மாநகராட்சி அல்லது நகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லலாம். கப் தயாரிக்கும் இடமோ மொத்தமாக இறக்கிவைக்கும் கிடங்கோ கண்ணில் பட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். இதுதான் முக்கியம். தள்ளுவண்டிக்காரரிடம் அபராதம் வசூலித்துவிட்டு, அவருக்குக் கப் விற்றவரை விட்டுவிடுவது நீதியாகாது. ஊற்று அடைபட்டால்தான் ஒழுக்கு நிற்கும்.

பார்சல் டீயைப் பாலிதீன் கவரில் கட்டி வாங்குவது கப்பைவிட மோசம். வீட்டுத் தூக்குவாளியோ பிளாஸ்கோ கொண்டுபோனால் அளவும் சரியாக இருக்கும், சூடும் ஆறாது. அலுவலகத்தில் ஆளுக்கொரு டம்ளர் வைத்துக்கொள்வதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்றால் பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுக்கலாம். கழுவ இரண்டு பேருக்குக் கூலி கொடுத்தால் முடிந்தது.

ஓடிக்கொண்டே குடிப்பவர்களுக்கு என்ன வழி? முன்பணம்தான். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஒரு யூரோ கட்டி காபிக் கப்பை வாங்கிக்கொண்டு போகும் திட்டம் 2016இல் வந்தது. திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையிலும் கப்பைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ள முடிந்தது. நமக்கு இது புதிதல்ல. நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் எறியப்பட்ட பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. மது பாட்டிலுக்கு முடிந்ததைப் பேருந்து நிலைய டீக்கடைகளில் டம்ளருக்குச் செய்யமுடியாதா?

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், ஊர் விழாக்களுக்குப் பொதுவில் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி ஊராட்சியில் வைக்கவேண்டும் என்று எழுந்து கேளுங்கள். தீர்மானத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் இதே கோரிக்கையை வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள்.