சர்க்காரின் ஆடித் தள்ளுபடி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஜவுளிக் கடைகளில் தள்ளுபடி ஆரம்பமாகிவிடும். பத்து ரூபாய் குறைகிறது என்று காதில் விழுந்தால் போதும். நம் குடும்பஸ்தர்கள் வெயிலையும் கூட்டத்தையும் பொருட்படுத்தாமல் புறப்பட்டு விடுவார்கள். அதே ஆடியில் இன்னொரு தள்ளுபடியும் உண்டு. அதைக் கொடுப்பது சர்க்கார். சம்பளக்காரர்களுக்கு அதன் கெடு சாதாரணமாக ஜூலை 31-ந் தேதி. பத்து ரூபாய்க்காகப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், பல்லாயிரம் ரூபாய் குறையக்கூடிய இந்தத் தள்ளுபடியை மட்டும் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப் போடுகிறோம். வருமான வரிக் கணக்கைத்தான் சொல்லுகிறோம்.

இந்த வரியின் பேரில் நமக்குள்ள வெறுப்புக்குப் பூர்வ காரணம் உண்டு. 1857-ம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய செலவில் காலியான கஜானாவை நிரப்புவதற்காக, 1860-ல் ஜேம்ஸ் வில்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதைக் கொண்டு வந்தார். சென்னை கவர்னராயிருந்த ஸர் சார்லஸ் டிரெவெல்யனே இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். அதன் பலனாகப் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அன்னியர் ஆட்சியில் வரி என்பது தண்டமாகத் தோன்றியது நியாயமே. இன்றோ வரியை விதிப்பது நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய பிரதிநிதிகளின் சபை. கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுப்பது பிரஜையின் கடமை. சட்டம் அனுமதித்ததைக் கழித்துக்கொள்வது அதே பிரஜையின் உரிமை. கெடு தவறினால் கடமை அப்படியே நிற்கும்; உரிமைதான் போய்விடும்.

இது வெறும் பேச்சல்ல. நண்பர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். 2024-25 நிதி வருஷத்தில் அவருடைய சம்பளம் 12 லக்ஷம் ரூபாய். வீட்டுக் கடனுக்கு வட்டி 2 லக்ஷம். பிராவிடெண்ட் பண்டு, ஆயுள் இன்ஷூரன்ஸ் வகையில் ஒன்றரை லக்ஷம். வைத்திய இன்ஷூரன்ஸ் தம் குடும்பத்துக்கு 25 ஆயிரம், வயது முதிர்ந்த பெற்றோருக்கு 50 ஆயிரம். சம்பளக்காரருக்கு உரிய பொதுக் கழிவு 50 ஆயிரம். பழைய முறைப்படி இவ்வளவும் போக மிச்சம் 7,25,000. அதற்கு வரி, ஸெஸ் உள்பட 59,800 ரூபாய். காரியாலயத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு விட்டார்கள். "வரிதான் கட்டியாயிற்றே, இனி என்ன?" என்று நண்பர் நிம்மதியாயிருந்தார். அவ்வருஷம் சர்க்கார் கெடுவை 2025 செப்டம்பர் மத்தி வரையில் நீட்டிற்று. அதுவும் போயிற்று. டிஸம்பரில்தான் படிவத்தைத் தாக்கல் செய்தார்.

2023-24 நிதி வருஷம் முதல் புதிய முறையே பொது முறை. பழைய முறை வேண்டுவோர் அதைக் கெடுவுக்குள் கேட்டுப் பெற வேண்டும். நண்பர் கேட்கத் தவறியதால் வீட்டுக் கடன் வட்டியும் இன்ஷூரன்ஸும் கணக்கில் ஏறவில்லை. பொதுக் கழிவு 75 ஆயிரம் மட்டும் போக, வரி 71,500 ஆயிற்று. அதிகப்படி 11,700, தாமதக் கட்டணம் 5,000, வட்டி வேறு. மகளின் கல்லூரிச் சம்பளத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் இப்படிக் கரைந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு காசு ஒளிக்கவில்லை. சோம்பல் ஒன்றுதான் குற்றம்!

புதிய முறையே லாபமாயிருக்கும் குடும்பங்களும் அநேகம். 2025-26 நிதி வருஷத்துக்கு, சாதாரண வருமானம் 12 லக்ஷம் வரையில் அம்முறையில் வரியே இல்லை. 'அப்படியானால் படிவம் எதற்கு?' என்று கேட்கக்கூடாது. வருமானம் 4 லக்ஷத்தைத் தாண்டினால் கணக்குக் கொடுத்தே தீர வேண்டும். பாங்கியில் வட்டியிலிருந்து பிடித்த பணம் திரும்பி வரவும் அதுவே வழி.

வக்கீல், டாக்டர் போன்ற சொந்தத் தொழில்காரர்கள் தொழிலுக்காகவே செய்த செலவைக் கழிக்கலாம். அறை வாடகை, குமாஸ்தா சம்பளம், தொழிற் புத்தகங்கள் யாவும் சேரும். ஒரே டெலிபோன் தொழிலுக்கும் வீட்டுக்கும் உழைத்தால் தொழிலின் பங்கை மட்டும் எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாகச் செல்லாது. பெண்ணின் கல்யாணச் சாப்பாட்டைத் 'தொழில் விருந்து' என்று எழுதுவதும், குடியிராத வீட்டுக்கு வாடகை ரசீது தயாரிப்பதும் சாமர்த்தியமல்ல, மோசடி. அகப்பட்டால், குறைத்துக் காட்டிய வரியைப் போல் இரண்டு பங்கு அபராதம் விதிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது.

ஆகவே, சித்திரை பிறந்ததும் ஓர் உறையை எடுத்து, வருஷத்தின் ரசீதுகளை எல்லாம் அதில் போட்டு வையுங்கள். பால் கணக்கைத் தப்பாமல் எழுதும் இல்லத்தரசிகளிடம் அந்த உறையை ஒப்புவித்தால் காரியம் நிச்சயம். ஆனி மாதத்தில், காரியாலயம் கொடுக்கும் பதினாறாம் நம்பர் படிவத்தையும், வரி இலாகாவிடம் உள்ள வருடாந்தரத் தகவல் அறிக்கையையும் ஒத்துப் பாருங்கள். இரண்டு முறையிலும் கணக்கிட்டு, எது லாபமோ அதைத் தேர்ந்தெடுங்கள். தாக்கல் செய்த பிறகு, 30 நாளுக்குள் அதை உறுதி செய்யவும் மறவாதீர்கள்; உறுதி செய்யாத படிவம் கையெழுத்தில்லாத கடிதத்துக்குச் சமானம்.

இவ்வளவும் முடித்துவிட்டு ஜவுளிக் கடைக்குப் போனால், கையில் நாலு காசு மிஞ்சியிருக்கும். புடவை எடுப்பவர்களுக்கு அதைவிட நல்ல தள்ளுபடி வேறென்ன வேண்டும்?